சோழநாட்டுக் கோயில்களில் ‘இல்லை’ என்னும் அதிசயம்!

நம் வீடுகளில் பெரியவர்கள் சில வார்த்தைகளைச் சொல்லவே விடமாட்டார்கள். அரிசி தீர்ந்துபோனால் ‘அரிசி இல்லை’ என்று சொல்லக் கூடாது; ‘அரிசி வாங்க வேண்டும்’ என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை ‘அணை’ என்று சொல்லக் கூடாது. ‘அமர்த்து’, ‘மலையேற்று’ என்றே சொல்ல வேண்டும். வெளியே கிளம்புகிறவர் ‘போகிறேன்’ என்றால் பாட்டிக்குக் கோபம் வந்துவிடும். ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்ல வேண்டும். ‘இல்லை’ என்ற சொல் வீட்டுக்குள் புழங்கினால் இல்லாமையும் கூடவே வந்துவிடும் என்பது நம்பிக்கை.

ஆனால், தெய்வங்களே ‘இல்லை’ என்ற சொல்லை விரும்பி ஏற்றுக்கொண்ட ஒரு பகுதி உண்டு தெரியுமா? அதுதான் காவிரி பாயும் சோழநாடு! தேவாரப் பாடல் பெற்ற 274 சிவத்தலங்களில் 190 தலங்களும், 108 திவ்ய தேசங்களில் 40 தலங்களும் இங்கேதான் உள்ளன. இந்தக் கோயில்களில் ‘இருப்பதை’ப் பற்றி எத்தனையோ படித்திருப்பீர்கள். நாம் இப்போது ‘இல்லாததை’ மட்டும் தேடிப் போவோம். சோழநாட்டின் தெற்கு எல்லையைத் தாண்டி, பாண்டிநாட்டில் உள்ள ஒரு தலத்துக்கும் ஓரெட்டு போய்வருவோம்.

உப்பு இல்லை!

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 7 கி.மீ. தொலைவில், ராகு தலமான திருநாகேஸ்வரத்தை ஒட்டி இருக்கிறது ஒப்பிலியப்பன் கோயில். திருவிண்ணகர் என்பது இதன் புராணப் பெயர்.

மார்க்கண்டேய மகரிஷி இங்கே தவம் செய்தபோது, துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தார். பூமிதேவியே அந்தக் குழந்தை. பெண் வளர்ந்ததும், பெருமாள் தள்ளாத கிழவராக வேடமிட்டு வந்து பெண் கேட்டார். ரிஷிக்கோ திகைப்பு. ‘இவள் சின்னஞ்சிறு பெண். உணவில் சரியாக உப்புச் சேர்த்துச் சமைக்கக்கூடத் தெரியாதே!’ என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார். பெருமாள் விடவில்லை. ‘உப்பில்லாமல் சமைத்தாலும் அதையே விரும்பி உண்பேன்’ என்று வாக்குக் கொடுத்து, தாயாரைக் கரம் பிடித்தார்.

அந்த வாக்கு இன்றும் காப்பாற்றப்படுகிறது. இந்தப் பெருமாளுக்கு நிவேதனமாகும் எதிலும் உப்புச் சேர்ப்பதில்லை. உப்புக் கலந்த பண்டங்களைச் சந்நிதிக்குள் கொண்டுசெல்வதும் கூடாது. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது ஊர்ப் பழமொழி. இங்கேயோ உப்பில்லாப் பண்டம்தான் பிரசாதம்!

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. நம்மாழ்வார் இந்தப் பெருமாளைத் தனக்கு நிகரானவர் எவரும் இல்லாதவர் என்ற பொருளில் போற்றினார். அதிலிருந்து வந்ததுதான் ‘ஒப்பிலியப்பன்’. ஒப்பு இல்லாத அந்த அப்பனை, மக்கள் அன்போடு உப்பு இல்லாத அப்பனாகவும் ஆக்கிக்கொண்டார்கள். இரண்டு பெயர்களிலும் ‘இல்லை’ இருக்கிறது, பாருங்கள்!

இங்கே தாயாருக்குத் தனிச் சந்நிதியும் இல்லை. கருவறையிலேயே பெருமாளோடு எழுந்தருளியிருக்கிறாள். புறப்பாட்டின்போதும் தாயாரை விட்டுவிட்டுப் பெருமாள் தனியே கிளம்புவது கிடையாது. சமையலில் ஒரு குறை சொல்லாதவர், மனைவியைப் பிரியாதவர் என்று இந்தப் பெருமாளிடம் நம் வீட்டு ஆண்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது!

வீணை இல்லை!

உப்பை விலக்கிய பெருமாளைப் பார்த்தாயிற்று. இனி, உப்பு விளையும் கடற்கரைக்குப் போவோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள வேதாரண்யம் என்ற திருமறைக்காடு, வேதங்களே வழிபட்ட தலம். திருவாரூருக்குத் தேரழகு என்றால் வேதாரண்யத்துக்கு விளக்கழகு என்பார்கள். இங்கே திருவிளக்கில் அணையப்போன திரியை, நெய் உண்ண வந்த எலி ஒன்று தற்செயலாகத் தூண்டிவிட்டதாம். அந்தப் புண்ணியத்தால் அடுத்த பிறவியில் அது மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்கிறது தல புராணம்.

இந்தக் கோயிலில் சரஸ்வதி தேவியைத் தரிசிக்கும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கையில் சுவடி இருக்கும், வீணை இருக்காது! காரணம், இந்தத் தலத்து அம்பிகையின் திருநாமம் ‘யாழைப் பழித்த மொழியம்மை’. அம்பாளின் குரல் யாழின் இசையையும் தோற்கடிக்கும் இனிமை கொண்டது. அதைக் கேட்ட கலைவாணி, ‘இந்தக் குரலுக்கு முன் என் வீணை எதற்கு?’ என்று அதைக் கீழே வைத்துவிட்டாள் என்பது ஐதீகம். பாட்டுக்குத் தேவதையே இன்னொருத்தியின் குரலைக் கேட்டு மகிழ்ந்து தன் வாத்தியத்தை விலக்கி வைக்கிறாள்! அடுத்த வீட்டுப் பெண்ணின் கோலமோ, மைத்துனி மகளின் மதிப்பெண்ணோ நம்மைவிட ஒரு படி மேலாக இருந்தால் நமக்கு எப்படி இருக்கிறது என்பதை இந்தச் சந்நிதியில் நின்று யோசிக்கலாம்.

வேதாரண்யத்தின் உப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடைப்பயணமாகக் கிளம்பிய தொண்டர்கள், இந்த ஊருக்கு வந்துதான் ஆங்கிலேயரின் தடையை மீறி உப்பு அள்ளினார்கள். அதற்காகச் சிறை சென்றவர்களில் ருக்மிணி லட்சுமிபதி அம்மையாரும் ஒருவர். மனைவிக்காக உப்பை விட்டுக்கொடுத்த பெருமாளும், ஏழையின் உப்புக்காகச் சிறை சென்ற பெண்ணும் ஒரே காவிரிக் கரைப் பகுதியின் கதையில் இடம்பெறுகிறார்கள்.

அபிஷேகம் இல்லை!

மீண்டும் கும்பகோணத்துக்கே திரும்புவோம். சுவாமிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவலஞ்சுழி. காவிரி இங்கே வலமாகச் சுழித்துச் சென்றதால் ஊருக்கு இந்தப் பெயர். இங்கே எழுந்தருளியிருக்கும் சுவேத விநாயகர், பாற்கடலில் பொங்கிய நுரையால் ஆனவர். விநாயகரை வணங்காமல் பாற்கடலைக் கடையத் தொடங்கிய தேவர்கள், காரியம் கைகூடாமல் தவித்து, கடல் நுரையையே பிள்ளையாராகப் பிடித்து வழிபட்டார்களாம்.

நுரை விநாயகருக்கு நீர் ஊற்றினால் என்ன ஆகும்? அதனால் இவருக்கு அபிஷேகம் கிடையாது. கையால் தீண்டுவதும் இல்லை. பச்சைக் கற்பூரப் பொடியை மெல்லத் தூவுவதோடு சரி. இந்த விநாயகரின் சந்நிதிக்கு முன்னால் உள்ள கருங்கல் பலகணியையும் அவசியம் பாருங்கள். கல்லில் செய்ததா, மரத்தில் இழைத்ததா என்று சந்தேகம் வரும்!

அருகில் உள்ள திருப்புறம்பியத்திலும் இப்படி ஒரு பிள்ளையார் இருக்கிறார். பிரளயத்திலிருந்து இந்த ஊரைக் காத்ததால் ‘பிரளயம் காத்த விநாயகர்’ என்று பெயர். சங்கு, கிளிஞ்சல், கடல் நுரை ஆகியவற்றைக் கொண்டு வருணன் உருவாக்கிய திருமேனி என்கிறார்கள். மற்ற நாட்களில் இவருக்கும் அபிஷேகம் இல்லை. விநாயகர் சதுர்த்தி இரவில் மட்டும் தேனால் அபிஷேகம் நடக்கும்; விடிய விடியச் சாத்தும் தேனைத் திருமேனி உறிஞ்சிக்கொள்ளும் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

கும்பகோணத்திலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள திருக்கருகாவூரை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கே முல்லைவனநாதர் புற்று மண்ணால் ஆன சுயம்பு மூர்த்தி. ஆகவே, அவருக்கும் நீரால் அபிஷேகம் இல்லை. புனுகுச் சட்டம் சாத்துகிறார்கள். அம்பாள் கர்ப்பரட்சாம்பிகை. நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கருவுற்றிருந்தபோது, களைப்பினால் ஒரு முனிவருக்கு உடனே பிட்சையிட முடியவில்லை. அவர் சபித்துவிட்டார். கலைய இருந்த கருவைக் குடத்தில் வைத்துக் காத்தாள் அன்னை. ‘கரு காத்த ஊர்’ கருகாவூர் ஆயிற்று.

குழந்தை வரம் வேண்டுவோர் அம்பாள் பாதத்தில் வைத்த நெய்யையும், கர்ப்பிணிகள் சுகப் பிரசவத்துக்காக விளக்கெண்ணெயையும் பிரசாதமாகப் பெற்றுச் செல்கிறார்கள். மருத்துவரின் சிகிச்சையை விட்டுவிடாமல், அதோடு சேர்த்து இந்தப் பிரார்த்தனையையும் செய்வதே முறை.

இந்தச் சந்நிதியில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அசதியில் நின்ற ஒரு பெண்ணை ஒரு முனிவர் தவறாக எடைபோட்டார். அம்பாள் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றாள். ‘இன்னும் விசேஷம் இல்லையா?’ என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்கிறோமே, அப்போது நாம் யார் பக்கம் நிற்கிறோம்? வளைகாப்பில் அந்தப் பெண்ணை ஒதுக்கி உட்கார வைக்கிறோமே, அதைக் கர்ப்பரட்சாம்பிகை ஏற்பாளா?

லிங்கமே இல்லை!

இப்போது எல்லையைத் தாண்டித் தெற்கே போவோம். புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கிக்கு அருகில் உள்ள ஆவுடையார்கோயில் என்கிற திருப்பெருந்துறை, மாணிக்கவாசகர் குருவின் அருள் பெற்ற தலம். பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சர், இங்கே குருந்த மரத்தடியில் குருவாக அமர்ந்திருந்த சிவபெருமானைக் கண்டார். கொண்டுவந்த பொருளை எல்லாம் திருப்பணிக்கே செலவிட்டார்.

இந்தக் கோயிலில் ‘இல்லை’களின் பட்டியல் நீளமானது. கொடிமரம் இல்லை. பலிபீடம் இல்லை. நந்தி இல்லை. கருவறையில் லிங்கமும் இல்லை. அதைத் தாங்கும் ஆவுடையார் மட்டுமே உண்டு! அம்பாள் சிவயோக நாயகிக்கும் திருவுருவம் இல்லை. கல் பலகணி வழியாக அவளுடைய திருப்பாதங்களை மட்டும் தரிசிக்கலாம். உருவம் கடந்தவரை மனதுக்குள் பார்க்கப் பழகு என்பதுதான் இந்த அமைப்பின் உட்பொருள்.

நிவேதனத்திலும் ஆச்சரியம்தான். கோயில்களில் பச்சரிசியே வழக்கம். இங்கேயோ புழுங்கல் அரிசிச் சோறு! வடித்த சோற்றைச் சுடச்சுடக் கொண்டுவந்து, சந்நிதிக்கு எதிரே உள்ள படைகல்லில் பரப்புகிறார்கள். கீரையும் பாகற்காயும் உடன் உண்டு. சோற்றிலிருந்து எழும் ஆவிதான் இறைவனுக்கு நிவேதனம். உருவம் இல்லாதவருக்கு உருவம் இல்லாத உணவு! தினமும் குக்கரைத் திறக்கும்போது நம் முகத்தில் அடிக்கும் அந்த ஆவியை ஒருநாளாவது ‘சிவார்ப்பணம்’ என்று நினைத்தது உண்டா? சமையலறையும் ஒரு சந்நிதியாகிவிட இதற்கு மேல் என்ன வேண்டும்?

இங்குள்ள கொடுங்கைகளையும் நிமிர்ந்து பாருங்கள். மரச் சட்டங்களையும் அவற்றில் அறைந்த ஆணிகளையும் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழி பலகணி போன்றவை தவிர மற்றவற்றைச் செய்து தருகிறோம்’ என்று அந்தக் காலத்துச் சிற்பிகள் ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள் என்று சொல்வது உண்டு. நாம் பார்த்த இரண்டு தலங்கள் அந்த வரியில் சேர்ந்து நிற்பது வியப்பு அல்லவா?

திரைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை!

ஆவுடையார்கோயிலில் ஆவுடையாராவது உண்டு. சிதம்பரத்தில் அதுவும் இல்லை. பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலம் இது. சிற்சபையில் நடராஜப் பெருமானுக்கு அருகில் திரை ஒன்று தொங்கும். திரையை விலக்கி ஆரத்தி காட்டும்போது, அங்கே தொங்கும் தங்க வில்வ மாலைகளை மட்டுமே காணலாம். மாலை இருக்கிறது, மாலை அணிந்தவர் நம் கண்ணுக்குத் தெரியவில்லை! இதுவே ‘சிதம்பர ரகசியம்’. திரை என்பது நம் அறியாமை என்றும், அது விலகினால் எங்கும் நிறைந்த பரம்பொருளை உணரலாம் என்றும் பெரியவர்கள் விளக்குவார்கள். பொன்னம்பலக் கூரையில் உள்ள 21,600 பொன் ஓடுகள் நாம் ஒரு நாளில் விடும் மூச்சுகளையும், அவற்றைப் பொருத்திய 72,000 ஆணிகள் நம் உடலின் நாடிகளையும் குறிப்பதாகச் சொல்வது மரபு.

நிழல் இல்லையா? இருக்கிறது!

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தைகளுக்கும் சொல்லியிருப்பீர்கள். அது உண்மை அல்ல. காலையிலோ மாலையிலோ போய்ப் பாருங்கள். 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்த விமானத்தின் நிழல் பிராகாரத்தில் நீண்டு கிடக்கும். உச்சிப் பொழுதில் மட்டும் நிழல் அடிவாரத்திலேயே ஒடுங்கிவிடும். அதைப் பார்த்தவர்கள் சொன்னது பெருகிப் பெருகி அதிசயமாகிவிட்டது போலும்.

உண்மையான அதிசயம் சுவரில் இருக்கிறது. 1010-ஆம் ஆண்டு இந்தக் கோயிலை நிறைவு செய்த ராஜராஜ சோழன், தான் கொடுத்தவற்றோடு, தன் அக்கா குந்தவை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். தனக்கு அடுத்தபடியாக அவன் சொன்னது அக்காவைத்தான்!

அதோடு விட்டானா? கோயில் பணிக்காகப் பல ஊர்களிலிருந்து வரவழைத்த 400 ஆடல் மகளிரின் பெயரையும், ஊரையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும்கூட எழுதிவைத்தான். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கணக்கும் இருக்கிறது. விளக்கேற்றுபவர், தையற்காரர், சலவைத் தொழிலாளி, நாவிதர், குயவர், தச்சர் என்று யாரையும் விடவில்லை. நிழல் விழாத கோபுரம் பொய்யாக இருக்கலாம். பெயர் விடுபடாத இந்தக் கோயில் நிஜம். அடுத்த முறை போகும்போது நிழலைத் தேடும் குழந்தைகளுக்கு அந்தக் கல்வெட்டுகளைக் காட்டுங்கள்.

‘உனக்கு அனுமதி இல்லை!’

இதுவரை பார்த்த ‘இல்லை’கள் எல்லாம் தெய்வம் விரும்பி ஏற்றவை. கடைசியாக, மனிதர்கள் சொன்ன ஓர் ‘இல்லை’யைப் பார்ப்போம்.

வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அருகில் உள்ளது திருப்புன்கூர். ஆதனூரைச் சேர்ந்த நந்தனார், கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூஜைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்த அடியார். பிறந்த குலத்தைக் காரணம் காட்டி, அவரைக் கோயிலுக்குள் விடவில்லை. அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கியது. அவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தவருக்கு நந்தி மறைத்தது. சிவலோகநாதர் பொறுக்கவில்லை. நந்தியைச் சற்றே விலகச் சொன்னார். இன்றும் அந்த நந்தி நேர்க்கோட்டிலிருந்து விலகியே இருக்கிறது!

‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று தில்லைக்குப் போக ஏங்கியதால், ‘திருநாளைப்போவார்’ என்ற பெயரில் அவர் 63 நாயன்மார்களில் ஒருவரானார். இறைவன் நந்தியை விலக்கிய பிறகும் மனிதர்கள் கதவைத் திறக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில், தடுக்கப்பட்டிருந்த மக்கள் உள்ளே நுழைந்தது 1939-ஆம் ஆண்டு ஜூலை 8 அன்றுதான்.

உப்பு இல்லை, வீணை இல்லை, உருவம் இல்லை என்பதையெல்லாம் தெய்வம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. ‘இவருக்கு இடம் இல்லை’ என்பதை மட்டும் ஏற்கவில்லை. இந்தத் தலங்கள் எல்லாம் சேர்ந்து நமக்குக் கற்றுத்தரும் பாடம் இதுதான். நமக்கு ஒன்று இல்லை என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தவரைப் பார்த்து ‘உனக்கு இல்லை’ என்று சொல்வதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

வருகிற நவராத்திரியில் இதைச் செய்து பாருங்கள். வீட்டு வேலையில் உதவும் பெண்மணி வாசலிலோ கொல்லைப்புறத்திலோ நின்று கொலுவை எட்டிப் பார்ப்பாள். அவளை உள்ளே அழைத்து, மற்றவர்களுக்குப் போட்ட அதே பாயில் உட்காரச் சொல்லுங்கள். அதே தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுங்கள். சுண்டலையும் அதே கிண்ணத்தில் கொடுங்கள். ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்கள். வேதாரண்யத்தில் வீணையைக் கீழே வைத்த சரஸ்வதி உங்கள் கொலுவிலும் அமர்ந்து அதைக் கேட்பாள்.